மொக்கைப் பிளேடும் தள்ளிப்போடும் கையும்

தேக்குப் பலகையை டேபிள் சாவில் நீளவாக்கில் அறுக்கும்போது அறுபட்ட ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுகிறது. கருகல் வாடை வருகிறது. பலகையைத் தள்ள நேற்றைவிட அதிகம் அழுத்த வேண்டியிருக்கிறது. மோட்டாரின் சத்தம் இறங்கிக் கனக்கிறது. இதில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே பிளேடு மொக்கையாகிவிட்டது என்று எந்த ஆசாரியும் சொல்லிவிடுவார். சொன்ன கையோடு மெஷினை நிறுத்தி அதை மாற்றுகிறவர்கள்தான் குறைவு. இந்தப் பலகை முடியட்டும், இந்தக் கதவு முடியட்டும் என்று நாள் போகிறது. பிளேடு இன்னும் மழுங்குகிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. வீட்டில் பட்டறை வைத்திருப்பவர்கள் பொதுவாக வேலையில் ஆசை உள்ளவர்கள். உளியை எண்ணெய்க்கல்லில் பொறுமையாகத் தீட்டி, கைமுடியை மழித்துப் பார்த்துத் திருப்திப்படுபவர்கள். அதே ஆட்கள் இழைப்பு மெஷினின் பிளேடை வருடக்கணக்கில் தொடாமல் விடுகிறார்கள் என்றால் காரணம் மெஷினின் அமைப்பில் இருக்கிறது. பிளேடு மாற்ற அரை நிமிடம் போதும் என்கிற மெஷினில் பிளேடு எப்போதும் கூராகவே இருக்கிறது. அரை நாள் ஆகும், அதற்குப் பிறகும் பழையபடி அமையுமா என்பது சந்தேகம் என்கிற மெஷினில் மொக்கைப் பிளேடு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. கடந்த நூறாண்டில் பிளேடின் உலோகம் எவ்வளவோ முன்னேறியது. அதோடு பிளேடைக் கழற்றி மாட்டும் விதமும் மெல்ல மெல்ல மாறி வந்தது. வீட்டுப் பட்டறைக்குப் பெரிய உதவி இரண்டாவதுதான்.

தொழிற்சாலையில் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. மர அறுவை ஆலைகளில் ரம்பத்தைத் தீட்டி, பல் ஒதுக்கி, தட்டு நெளிவெடுக்க என்றே ஒருவர் இருப்பார். அவருக்கு 'சா டாக்டர்' என்று பெயர். மெஷின் ஓட்டுபவர் அறுப்பதோடு சரி. மெஷின் வீட்டுக்கு வந்தபோது இந்த டாக்டர் கூட வரவில்லை. அமெரிக்காவில் 1939இல் டெல்டா நிறுவனத்தின் யூனிசா என்ற டேபிள் சா வந்தது. போர் முடிந்தபின் 1947இல் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் வடிவமைத்த ஷாப்ஸ்மித் விற்பனைக்கு வந்தது. அறுப்பது, கடைவது, துளையிடுவது எல்லாவற்றையும் ஒரே மோட்டாரில் ஓட்டும் மெஷின் அது. கார் ஷெட்டுக்குள் பட்டறை வைக்கும் பழக்கம் அங்கே அப்படிப் பரவியது. அறுப்பவரும் தீட்டுபவரும் ஒருவரே என்ற நிலையும் அப்போதே தொடங்கிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் மொட்டைமாடிக் கொட்டகையில் ஒரு மார்பிள் கட்டர், ஒரு டிரிம்மர், ஒரு கை பிளானர், வசதியிருந்தால் ஒரு சிறிய டேபிள் சா என்று தொடங்குகிறவர்களின் நிலையும் அதுதான்.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எப்போது மாற்றுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். இன்றைய வட்டப் பிளேடுகளில் ஒவ்வொரு பல்லின் முனையிலும் ஒரு சிறு டங்ஸ்டன் கார்பைடு துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கடைகளில் டிசிடி பிளேடு என்று கேட்டு வாங்குவது இதைத்தான். மிகக் கடினமான கார்பைடு பொடியைக் கோபால்ட் உலோகத்தோடு சேர்த்துச் சுட்டு இறுக்கிய பொருள் அது. ஜெர்மனியின் ஆஸ்ராம் நிறுவனத்தில் 1923இல் கார்ல் ஷ்ரோட்டர் இதை உருவாக்கியபோது மரம் அறுக்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. பல்புக்குள் எரியும் மெல்லிய டங்ஸ்டன் கம்பியை இழுக்க வைர அச்சு தேவைப்பட்டது; வைரத்துக்கு மலிவான மாற்று தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கலவை. 1920களின் பிற்பகுதியில் குருப் நிறுவனம் விடியா என்ற பெயரில் இதை வெட்டுக் கருவிகளுக்கு விற்கத் தொடங்கியது. கார்பைடு பல் வைத்த பிளேடு வீட்டுப் பட்டறைக்கு வரும்வரை டேபிள் சாக்களில் சுழன்றவை வெறும் எஃகுத் தட்டுகள். சில நாள் அறுத்தால் அரத்தை எடுத்துப் பல் பல்லாக ராவ வேண்டியதுதான்.

கார்பைடு மழுங்கும்போது உடையாமல், வளையாமல் தேய்கிறது. துகள்களைப் பிடித்திருக்கும் கோபால்ட் முதலில் அரிக்கப்பட, பிடிப்பு இழந்த துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கூரான விளிம்பு உருண்டையாகிறது. இதை வேகப்படுத்துவது மரத்திலேயே இருக்கும் மணல் சத்து. தேக்கில் சிலிக்கா உண்டு. தென்னை மரத்தில் இன்னும் தொல்லை. வெளிப்புறக் கட்டை வயிரமாக இருப்பதோடு பிளேடையும் சீக்கிரம் தின்றுவிடும். பிளைவுட்டின் பசை, எம்டிஎஃப், மேலே ஒட்டும் மைக்கா எல்லாமே சாதாரண வேப்பங்கட்டையைவிடப் பிளேடுக்குப் பகை. பழைய வீட்டு உத்தரம், பேக்கிங் பெட்டிப் பலகை என்று கிடைத்ததை அறுப்பவர்களுக்கு ஆணி வேறு. கார்பைடு எவ்வளவு கடினமோ அவ்வளவு உடையக்கூடியது. உள்ளே புதைந்த ஒரு ஆணியில் பட்டாலே பல்லின் மூலை தெறித்துவிடும்.

மொக்கையா, வெறும் அழுக்கா என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பிசின் உள்ள மரத்தை அறுத்த பிளேடின் பற்களில் பழுப்பு நிறத்தில் பிசின் கருகி ஒட்டியிருக்கும். அந்தப் பிசின் உரசுவதாலும் மரம் தீய்கிறது, தள்ளுவதும் கடினமாகிறது. பிளேடைக் கழற்றி, சோப்புத் தண்ணீரிலோ பிளேடுக்கென்று விற்கும் கழுவு திரவத்திலோ ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து மாட்டினால் பல சமயம் புதுப் பிளேடு போல் அறுக்கும். புதிதாக வாங்கக் கிளம்பும் முன் இதைச் செய்து பார்ப்பது மிகவும் நல்ல பழக்கம். கழுவிய பிறகும் சந்தேகம் இருந்தால் வெயிலில் பிடித்துப் பார்க்கலாம். கூரான விளிம்புக்கு அகலம் இல்லை, அதனால் வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய விளிம்பில் ஓரமாக ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு மின்னும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால் பிறகு வாதம் இல்லை.

மொக்கைப் பிளேடால் வேலை அசிங்கமாகும் என்பது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் கைக்கு. 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழன்றால் அதன் பற்கள் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. கூரான பல் மரத்தைச் சீவி எடுக்கிறது. மழுங்கிய பல் மரத்தை இடித்துத் தள்ளப் பார்க்கிறது. அதற்கு ஈடாக ஆள் முன்னே அழுத்துகிறார். உடம்பின் எடை முழுக்கக் கைக்குப் போகிறது. அந்த நேரத்தில் பலகை கொஞ்சம் திரும்பி, பிளேடின் பின்பக்கம் மேலெழும் பற்களில் சிக்கினால் பலகை ஆளை நோக்கித் திரும்பிப் பாயும். அதைப் பிடித்திருந்த கை பிளேடின் மேல் போகும். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில் அந்நாட்டில் டேபிள் சா பிளேடில் கை பட்டு மருத்துவம் தேடுவோர் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர். அழுத்தித் தள்ள வேண்டிய தேவை குறைந்தாலே அந்தக் கணத்துக்கான வாய்ப்பு குறைகிறது.

சரி, மாற்றுவோம் என்று உட்கார்ந்தால் முதல் தடை நட்டு. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சில மெஷின்களில் வழக்கமான மரை, சிலவற்றில் இடது மரை. தவறான பக்கம் பலங்கொண்டு திருப்பி நட்டின் மூலைகளை உருட்டிவிட்டவர்களும், அதற்கப்புறம் அந்த மெஷினில் பிளேடே மாற்றாதவர்களும் உண்டு. இதற்கு மனப்பாடம் தேவையில்லை, ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டால் போதும். மோட்டார் திடீரென்று சுழலத் தொடங்கும்போது நட்டு அதே இடத்தில் நிற்கப் பார்க்கும். அதனால் அது தானாக இறுகும்படி மரையை அமைத்திருக்கிறார்கள். ஆகவே பிளேடு சுழலும் திசையிலேயே நட்டைத் திருப்பினால் அது கழலும். டேபிள் சாவில் பிளேடின் மேற்பக்கம் ஆளை நோக்கி வருகிறது. ஸ்பேனரை நட்டில் செங்குத்தாக நிறுத்தித் தன்பக்கம் இழுத்தால் கழலும். மைட்டர் சா, கையில் பிடிக்கும் சர்குலர் சா எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

கழற்றிய பிறகு செய்கிற சின்ன வேலைகள்தான் அடுத்த மாதம் வரை பலன் தரும். ஷாஃப்டிலும் இரண்டு வாஷர்களிலும் அழுத்தமாகப் படிந்திருக்கும் மரத்தூளைத் துணியால் துடைக்க வேண்டும். ஒரு வாஷரின் அடியில் கொஞ்சம் தூள் அகப்பட்டால் பிளேடு சற்றே சாய்ந்து உட்காரும். துளையருகே கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு, 5 அங்குலம் தள்ளி இருக்கிற பல்லில் ஆட்டமாகப் பெருகும்; வெட்டு அகலமாகும், ஓரம் வரிவரியாக வரும். அடுத்து பற்களின் திசை. பிளேடில் அம்புக்குறி போட்டிருந்தும் தலைகீழாக மாட்டுவது பழகியவர்களிடமும் நடக்கிறது. அப்படி மாட்டிய பிளேடும் அறுக்கும், புகையோடு. 'புதுப் பிளேடே மோசம்' என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் அம்புக்குறியைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு நுட்பம் பலருக்கும் தெரிவதில்லை. டேபிள் சா பிளேடின் பின்னால், அறுபட்ட பிளவு மூடாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தகடு நிற்கும். அதன் தடிமன் பிளேடின் தட்டைவிடக் கூடவும், பல் அறுக்கும் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பழைய பிளேடு 3.2 மி.மீ. அகலம் அறுத்தது, கடையில் கிடைத்த புதுப் பிளேடு 2.4 மி.மீ. அறுக்கும் மெல்லிய ரகம். மாட்டி ஓட்டினால் பலகை அந்தத் தகட்டில் போய் இறுகி நிற்கும். அப்போது எரிச்சலில் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வதுதான் எல்லாத் தவறுகளிலும் மோசமானது. பலகை திரும்பிப் பாயாமல் காத்துக்கொண்டிருந்த ஒரே பொருளை நீக்கியாயிற்று. பிளேடு வாங்கும்போது விட்டம், துளை, பல் எண்ணிக்கையோடு இந்த அகலத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் டேபிள் சாவைவிட அதிகம் காணப்படுவது மார்பிள் கட்டர். கல் அறுக்க வந்த மெஷின், 110 மி.மீ. டிசிடி பிளேடை மாட்டினால் பிளைவுட்டையும் அறுக்கிறது, விலையும் குறைவு. அதில் பிளேடு மாற்றுவது எளிது என்பதால் அதன் பிளேடு பொதுவாகக் கூராகவே இருக்கிறது. பிளேடின் 20 மி.மீ. துளை உள்வாஷரின் மேட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு இறுக்கினால் வேலை முடிந்தது. இதே பிளேடை 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுவதுதான் உயிருக்கே ஆபத்தான வழக்கம். பிளேடின் துளை 20 மி.மீ.; கிரைண்டரில் மாட்டும் சக்கரங்களின் துளை 16 மி.மீ. நடுவில் ஒரு வளையம் போடாமல் மாட்டினால் பிளேடு மையம் விலகி அதிரும். வளையம் போட்டாலும் கிரைண்டருக்கு மரத்தின் மேல் ஊன்றி நிற்க அடித்தட்டு கிடையாது, பல் சிக்கினால் தடுக்கத் தகடு கிடையாது, மரம் அறுக்கும் பிளேடுக்கேற்ற மூடியும் கிடையாது. அதைவிடப் பெரிய பிளேடை மூடியைக் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று சுழலும் மெஷினில், பாதி வேகத்துக்கு மட்டுமே தாங்கும் என்று பிளேடிலேயே எழுதியிருக்கும் தட்டு சுழல்கிறது. கூரான பிளேடு என்பதற்காக எதிலும் மாட்டிவிட முடியாது; தட்டில் அச்சிட்டிருக்கும் ஆர்பிஎம் எண்ணைப் படிக்காமல் எந்தப் பிளேடையும் மாட்டக் கூடாது.

தயக்கத்தின் உச்சத்தைப் பார்க்க இழைப்பு மெஷினுக்கு வர வேண்டும். இரண்டு மேசைகள், நடுவில் சுழலும் ஒரு உருளை, உருளையில் நீளவாக்கில் இரண்டோ மூன்றோ எச்.எஸ்.எஸ். பிளேடுகள். 1900 வாக்கில் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் ஃபிரடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய வேக எஃகின் வழிவந்த உலோகம் இது. நல்ல கூர் எடுக்கும், ஊரில் சாணை பிடிக்கவும் முடியும். சிக்கல் எல்லாம் திரும்ப மாட்டுவதில். மூன்று பிளேடுகளின் விளிம்பும் பின்மேசையின் மட்டத்தோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒன்றாக நிற்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு காகிதத் தடிமன் உயர்ந்துவிட்டால் அது ஒன்றுதான் இழைக்கும், மற்ற இரண்டும் சும்மா சுற்றும். மூன்றுமே பின்மேசைக்கு மேல் உயர்ந்தால் பலகையின் கடைசி இரண்டு அங்குலத்தில் பள்ளம் விழும். தாழ்ந்தால் பலகையின் முன்முனை பின்மேசையின் விளிம்பில் முட்டி நிற்கும்.

அதைச் சரிபார்க்கும் பழைய முறைக்கு ஒரு நேரான மரக்குச்சி போதும். குச்சியைப் பின்மேசையில் வைத்து, உருளைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும்படி விட்டு, மேசை விளிம்புக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு பெல்ட்டைப் பிடித்து உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிளேடின் விளிம்பு குச்சியின் அடியை லேசாகக் கவ்வி, கொஞ்ச தூரம் நகர்த்திவிட்டு விட்டுவிடும். அது நின்ற இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே 3 மி.மீ. அளவு இருந்தால் நல்ல அமைப்பு. இதே இடைவெளி பிளேடின் இடது முனையிலும் வலது முனையிலும், மூன்று பிளேடுகளிலும் வர வேண்டும். ஒரு முனையில் 3, மறுமுனையில் 5 என்று வந்தால் திருகைத் தளர்த்தி, சின்ன மரச்சுத்தியலால் தட்டி, திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டும். இறுக்கும்போதே பிளேடு மயிரிழை மேலே ஏறும். அதை எதிர்பார்த்துக் கொஞ்சம் தாழ்த்தி வைக்கும் கை நிதானம், செய்யச் செய்யத்தான் வரும். டயல் கேஜும் காந்தம் வைத்த ஜிக்கும் இந்த வேலையைச் சுருக்கியிருக்கின்றன. இருந்தாலும் குச்சி முறை, மெஷினோடு எந்தக் கருவியும் வாங்காதவருக்கும் கிடைக்கும் துல்லியம்.

இந்த வேலையில் மறக்கக் கூடாதவை சில உண்டு. மூன்று பிளேடுகளையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றி, புதிதை மாட்டி இறுக்கிய பிறகே அடுத்தது. அப்படிச் செய்தால் உருளை நெளியாது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பிளேடும் இருக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் மாறி மாறி, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். ஒரு போல்ட் மறந்து நின்றால், சுழற்சியில் பிளேடு உருளையை விட்டு வெளியேறப் பார்க்கும். சாணைக்குக் கொடுத்து வாங்கும் பிளேடுகள் மூன்றும் ஒரே எடையில் இருக்கின்றனவா என்று சமையலறைத் தராசிலாவது வைத்துப் பார்க்க வேண்டும். எடை மாறினால் உருளை அதிர்ந்து பேரிங்கைக் கெடுக்கும். இன்னொன்று, மெஷின் நிற்கும்போதே கையை வெட்டிக்கொள்வது இங்கேதான் அதிகம். இறுகிய போல்ட் சட்டென்று கழலும்போது ஸ்பேனர் பிடித்த முட்டி நேராகப் பக்கத்துப் பிளேடின் வாயில் போய் மோதும். மற்ற பிளேடுகளின் மேல் ஒரு மரச்சட்டத்தையோ தடித்த தோலையோ மூடிவிட்டு ஸ்பேனரைத் தொடுவது அந்தக் காயத்தைத் தடுக்கும்.

பிளேடு இன்னும் மழுங்கவில்லை, ஆணி பட்டு ஓரிடத்தில் பொக்கை மட்டும் விழுந்திருக்கிறது என்றால் கழற்றவே வேண்டியதில்லை. மூன்றும் ஒரே இடத்தில் பொக்கையாக இருப்பதால்தான் பலகையில் ஒரு மேட்டுக்கோடு வருகிறது. ஒரு பிளேடை மட்டும் தளர்த்தி இடப்பக்கமாக ஓரிரு மில்லிமீட்டர் நகர்த்தி இறுக்கினால், ஒன்றின் பொக்கையை இன்னொன்று இழைத்துவிடும். பழைய ஆசாரிகளின் இந்தச் சிக்கனம் இன்றும் பயன்படுகிறது.

இவ்வளவு நிதானமும் நேரமும் கேட்கிற வேலையை வீட்டுக்காரர் தள்ளிப்போடாமல் என்ன செய்வார்? இதை உணர்ந்துதான் மேசை மேல் வைக்கும் திக்னஸ் மெஷின்களில் இருவாய்ப் பிளேடு வந்தது. டிவால்ட்டின் டிடபிள்யூ 735 ரக மெஷினில் 13 அங்குல நீளத்தில் மூன்று மெல்லிய பிளேடுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் வாய். பிளேடில் உள்ள துளைகள் உருளையின் முளைகளில் உட்கார்ந்தால் உயரம் தானாக அமைந்துவிடும். குச்சியும் வேண்டாம், கேஜும் வேண்டாம். ஒருபக்கம் மழுங்கினால் திருப்பி மாட்டலாம், மறுபக்கமும் மழுங்கினால் தூக்கிப்போடலாம். நம் ஆசாரிகள் கையில் பிடித்து இழைக்கும் 82 மி.மீ. பிளானரிலும் இப்படிப்பட்ட இருவாய்க் கார்பைடு பிளேடு மாட்ட முடிகிறது. தீட்ட முடியாத பிளேடா என்று மூத்த தச்சர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. தூக்கியெறியும் பொருளுக்குத் திரும்பத் திரும்பக் காசு போகிறது. ஆனாலும் வீட்டுப் பட்டறையின் கோணத்தில் இந்த வடிவமைப்பு பெரிய நன்மை. வாரக் கடைசியில் கிடைக்கும் நேரம், அளவு பார்ப்பதில் போகாமல் மரத்தில் போகிறது.

அதற்கும் அடுத்த படி, நீளப் பிளேடையே ஒழித்துவிட்டுச் சதுரக் கார்பைடு துண்டுகளைச் சுருள்வரிசையில் திருகிய உருளை. அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள பேர்ட் டூல் நிறுவனத்தின் ஷீலிக்ஸ் உருளை இந்த வகையில் நன்கு அறியப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வாய். மழுங்கினால் திருகைத் தளர்த்தி 90 டிகிரி திருப்பினால் புதுக் கூர். ஆணி பட்டு ஒரு துண்டு உடைந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். பிடிவாதமான ரேகை உள்ள மரத்திலும் பிசிர் குறைவு, சத்தமும் குறைவு. விலைதான் அதிகம், உருளையில் இருக்கும் பல டஜன் துண்டுகளையும் ஒரே நாளில் திருப்புவது பொறுமையைச் சோதிக்கும். துண்டு உட்காரும் பள்ளத்தைத் துடைக்காமல் இறுக்கினால் அடியில் மாட்டிய தூளால் துண்டு விரிசல் விடும், அல்லது பலகை முழுக்க ஒரு கோடு விழும். திருகை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுக்கும் அளவை டார்க் ரெஞ்சில் வைத்துச் செய்வதே சரி. கைப்பலத்தை நம்பி இறுக்கியதில் உடைந்த துண்டுகள் ஏராளம்.

பேண்ட் சாவின் கதை வேறு. பிளேடு மலிவு, தேவையான நீளத்துக்கு வெட்டி, முனைகளைப் பற்றவைத்து வளையமாக்கித் தரும் கடைகள் உண்டு. ஆனாலும் மாற்றத் தயக்கம் வருகிறது, ஏனென்றால் பிளேடு மாறினால் மெஷினில் உள்ள எல்லா அமைப்பும் மாறும். மூன்று மடிப்பாகச் சுருட்டிய பிளேடைப் பிரிக்கும்போதே அது துள்ளி விரியும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாத தருணம் அது. சக்கரங்களில் மாட்டி, இழுவை கொடுத்து, மேல்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பிளேடு நடுவில் ஓடும்வரை சாய்வைத் திருத்த வேண்டும். அதன் பிறகே பக்கத்துத் தாங்கிகளைக் காகிதத் தடிமன் இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். பின்னால் உள்ள பேரிங், சும்மா ஓடும்போது பிளேடைத் தொடாமலும் மரம் தள்ளும்போது தாங்கும்படியும் இருக்க வேண்டும். தாங்கிகளை முதலில் தளர்த்தாமல் புதுப் பிளேடை மாட்டுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தொடக்கம். பென்சில் கோட்டை விட்டு வெட்டு ஒருபக்கமாக ஓடுகிறது என்று மெஷினைத் திட்டுபவர்கள் பலர். ஒருபக்கப் பற்கள் மட்டும் மழுங்கிய பிளேடு அப்படித்தான் ஓடும். புதியது மாட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும்.

ஜிக்சாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதன் பெருமை. சுவிட்சர்லாந்தின் சிந்தில்லா நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் காஃப்மன் 1946இல், தையல் மெஷினில் ஊசியை எடுத்துவிட்டு ரம்பப் பிளேடைப் பொருத்தியதில் பிறந்த கருவி அது. டி வடிவக் காம்புள்ள பிளேடும் நெம்புகோல் பிடியும் வந்த பிறகு ஒரு நொடியில் பழையது கழன்று புதியது ஏறுகிறது. மொக்கைப் பிளேடோடு ஜிக்சா ஓட்டும் ஆளைப் பார்ப்பது அரிது. டிரிம்மரிலும் ரவுட்டரிலும் மாற்றுவது எளிது, ஒரே ஒரு கண்ணி உண்டு. 6 மி.மீ. காம்பும் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. காம்பும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். பெரிய கோலட்டில் சின்னக் காம்பை மாட்டினால் இறுகியது போலத் தோன்றி, ஓட்டத்தில் நழுவி வெளியே வந்துவிடும். பிட்டைக் கடைசிவரை இறக்கி, பிறகு 2, 3 மி.மீ. உயர்த்தி இறுக்குவது இன்னொரு விதி; அடியில் முட்டி நின்றால் கோலட் சரியாகக் கவ்வாது.

எந்த மெஷினானாலும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. பேட்டரி மெஷினானால் பேட்டரியைக் கழற்றுவது. சுவிட்சை அணைப்பது போதாது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை 1989இல் வெளியிட்ட 1910.147 எண் விதி, மெஷினில் கை வைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்கிறது. வயரும் பிளக்கும் உள்ள மெஷினுக்கு மட்டும் ஒரு விலக்கு: பிளக் பிடுங்கப்பட்டு, வேலை செய்பவரின் கட்டுப்பாட்டிலேயே இருந்தால் பூட்டு வேண்டாம். வீட்டுப் பட்டறைக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அதன் கருத்து அப்படியே பொருந்தும். பிளக் கண்ணெதிரே மேசை மேல் கிடக்க வேண்டும், வேறு யாரும் செருகிவிட முடியாத இடத்தில். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. சும்மா இருப்பானேன், பிளேடை மாற்றிவிடலாம் என்று ஸ்பேனரை எடுக்கிறார்கள். சுவிட்ச் ஆன் நிலையிலேயே நிற்கிறது. கரண்ட் திரும்ப வந்தால் மெஷின் கேட்காமலே சுழலத் தொடங்கும். கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும் காந்த சுவிட்ச் இருந்தால் இந்த ஆபத்து இல்லை, ஆனால் மலிவான மெஷின்கள் பலவற்றில் அது இருப்பதில்லை.

தோல் பட்டதை மின்சாரத்தால் உணர்ந்து பிளேடை நிறுத்திவிடும் சாஸ்டாப் மெஷினிலும் பிளேடு மாற்றும் வேலைக்கு விலக்கு கிடையாது. 1999இல் ஸ்டீபன் காஸ் கண்டுபிடித்த அந்த அமைப்பில் அலுமினியக் கட்டை ஒன்று 5 மில்லி நொடிக்குள் பற்களில் பாய்ந்து பிளேடை நிறுத்துகிறது. அந்தக் கட்டைக்கும் பிளேடுக்கும் நடுவே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும். பிளேடுக்குப் பிளேடு விட்டம் கொஞ்சம் மாறும் என்பதால், மாற்றிய ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியைப் பார்த்தாக வேண்டும். ஒருமுறை கட்டை பாய்ந்துவிட்டால் கட்டையும் பிளேடும் இரண்டுமே போயிற்று. ஒரு விரலுக்கு அது மலிவான விலை.

இனி, தீட்டுவதா வாங்குவதா? நல்ல டிசிடி பிளேடின் கார்பைடு துண்டு தடிமனாக இருந்தால் பலமுறை சாணை பிடிக்கலாம். அதற்கு வைரச் சக்கரம் வேண்டும். சாதாரண சாணைக் கல் கார்பைடில் எடுபடாது. கோவை, சென்னை போன்ற ஊர்களில் இதற்கென்று மெஷின் வைத்துப் பல்லின் கோணம் மாறாமல் தீட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. மலிவுப் பிளேடில் கார்பைடு மெல்லிசாக இருப்பதால் சாணைக் கூலி கொடுப்பது வீண். அதைச் சிமென்ட் தகடு, ஆணி இருக்கும் பழைய பலகை போன்ற முரட்டு வேலைக்கு ஒதுக்கி வைக்கலாம். எச்.எஸ்.எஸ். பிளானர் பிளேடுகளுக்கு இன்றும் சாணைதான் சிறந்த வழி. தீட்டுபவர் தண்ணீர் விட்டுத் தீட்டுகிறாரா, விளிம்பு நீலம் பாரிக்க விடுகிறாரா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தயக்கம் உடைவது இரண்டாவது செட் வாங்கும்போதுதான். ஒரு பிளேடு மெஷினில், ஒன்று சுவரில். அல்லது ஒன்று மெஷினில், ஒன்று சாணைக் கடையில். கையில் தயாராக ஒன்று இருக்கும்போது, தேக்கின் ஓரத்தில் முதல் பழுப்புக் கோட்டைப் பார்த்ததுமே மாற்றத் தோன்றும். ஸ்பேனரும் ஆலன் கீயும் மெஷினின் காலிலேயே தொங்க வேண்டும். டப்பாவில் தேட வேண்டியிருந்தால் பிளேடு மாற்றுவது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் வாஷர் வரிசையும் அம்புக்குறியின் திசையும் பிறகு குழப்பாது. மாட்டிய தேதியை மெஷினின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதி வைக்கும் தச்சர்கள் உண்டு. தேக்கில் எத்தனை நாள், பிளைவுட்டில் எத்தனை நாள் என்ற கணக்கு அவர்களுக்குத் தங்கள் மெஷினிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

கடைசியாக, தூக்கியெறிய வேண்டிய பிளேடுகள். நான்கு வாயும் தேய்ந்த சதுரத் துண்டுகள், பல் தெறித்த வட்டப் பிளேடுகள், முனை போன ரவுட்டர் பிட்டுகள் எல்லாவற்றிலும் கார்பைடு இருக்கிறது. டங்ஸ்டன் அரிய உலோகம் என்பதால் கார்பைடு கழிவைத் தனியே வாங்கி மறுபடி பொடியாக்கும் தொழில் நடக்கிறது. எடைக்கு எடை அதற்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை. ஒரு மூடி போட்ட டப்பாவில் இவற்றைச் சேர்த்து வைத்தால் குப்பை பொறுக்குபவரின் கையிலும் காலிலும் குத்தாது, டப்பா நிரம்பும்போது புதுப் பிளேடின் விலையில் ஒரு பகுதியும் திரும்ப வரும். பழைய இரும்புக்கடையில் கொட்டும் முன் கார்பைடு என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் இரும்பு விலைக்கே எடை போட்டுவிடுவார்கள்.